'ரேட்'டைத் தேட எது தோது: ரிப்கிரெப்பா, எல்எஸ்பியா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான கணக்கு மென்பொருளைக் கோவை பீளமேட்டில் உட்கார்ந்து பராமரிக்கிறோம். பைத்தானில் எழுதியது. கோடு எழுதும் எடிட்டரில் 'ரேட்' என்று தேடினால் பீஸ் ரேட், சாய ரேட், நிட்டிங் ரேட், ஜிஎஸ்டி ரேட் எல்லாம் சேர்ந்து கொட்டும். "ஏனுங்ணா, இதுல பீஸ் ரேட்டை மட்டும் எப்படிங்க பிரிக்கறது?" என்று புதிதாக வந்த தம்பி கேட்டான்.

பிரித்துத் தருவது எல்எஸ்பி, அதாவது லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால். எடிட்டரும் கோடைப் புரிந்துகொள்ளும் சர்வர் புரோகிராமும் பேசிக்கொள்ள, மைக்ரோசாஃப்ட் 2016-ல் பொதுவில் வைத்த நெறிமுறை அது. அதற்கு முன் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக மாரடிக்க வேண்டியிருந்தது. இப்போது பைத்தானுக்கு பைரைட் போன்ற ஒரு சர்வர் போதும், விஎஸ் கோட், நியோவிம் என்ற இரண்டு எடிட்டர்களுக்கும் அதுவே பதில் சொல்லும். எந்த கிளாஸின் ரேட் என்று அதற்குத் தெரியும். எட்டு ஜிபி லேப்டாப்பில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ரேட்டில் பாதி, டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் வரிகளுக்குள் வெறும் ஸ்ட்ரிங்காகக் கிடக்கிறது. அங்கே எல்எஸ்பிக்குக் கண் தெரியாது. பெயர் மாற்றச் சொன்னால் பைத்தானில் மட்டும் மாற்றிவிட்டு, எஸ்க்யூஎல்லில் உள்ள நெடுவரிசைப் (column) பெயரை அப்படியே விட்டுவிடும். மாசக் கடைசியில் கூலிப் பட்டியல் எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஃபைல்களுக்குள் எழுத்தைத் தேடும் ரிப்கிரெப் இதற்கு நேரெதிர். ஆண்ட்ரூ கேலண்ட் ரஸ்ட் மொழியில் எழுதியது. விஎஸ் கோடின் தேடல் பெட்டிக்குப் பின்னால் ஓடுவதும் இதுதான். அர்த்தம் தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். அதனாலேயே டெம்ப்ளேட், கமெண்ட், எஸ்க்யூஎல் என்று எதையும் விடாது. கிட்இக்னோரில், அதாவது கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதிவைக்கும் பட்டியலில் உள்ளதையும், மறைந்த ஃபைல்களையும், பைனரி ஃபைல்களையும் தானாகவே தாண்டிப் போய்விடும். பார்ட்டிவாரி ரிப்போர்ட் ஃபோல்டரைக் கிட்இக்னோரில் போட்டுவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டது நான்தான். கட்டளையில் 'மைனஸ் யு' (-u) கொடுத்தால் அங்கேயும் போகும்.

எந்தப் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அட்டவணை போட்டுவைக்கும் சிடேக்ஸ் பழைய ஆள். கோடு மாற மாற அட்டவணையைப் புதுப்பிக்காவிட்டால் தப்பு வரிக்குக் கூட்டிப்போகும். ட்ரீ-சிட்டர் என்ற பாகுபடுத்தி (parser) கோடின் அமைப்பைப் புரிந்துகொள்ளும், பாதி தட்டிய ஃபைலிலும் தடுமாறாது. ஆனால் இந்த ரேட் எந்த ஃபைலில் பிறந்தது என்று கேட்டால் சொல்லாது.

ஒன்றைத்தான் எடு என்றால் நான் ரிப்கிரெப்பை எடுப்பேன். கூடக் குப்பை வந்தால் தள்ளிவிடலாம், விட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எடிட்டர் செய்பவர்களிடம் கேட்பது இதுதான்: எல்எஸ்பி கண்டதையும் ரிப்கிரெப் கண்டதையும் ஒரே பலகத்தில் கழித்துக் காட்டுங்கள், மிச்சம் தனியாக வரட்டும். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் எடிட்டர்களில் பெயர் மாற்றும்போது கமெண்ட், ஸ்ட்ரிங்குகளிலும் தேடும் வசதி இருக்கிறது. தம்பிக்கு இப்போதைக்கு அதைத்தான் காட்டியிருக்கிறேன்.