லக்னோ மீனாவா, ஜெய்ப்பூர் மீனாவா? பழைய வாள்பிடியில் பார்க்க வேண்டியவை

மீனா என்பது உலோகத்தில் பதித்துச் சுட்ட நிறக்கண்ணாடி வேலை. வாள்பிடியில் அதன் நீலமும் பச்சையும் மிகுந்தால் லக்னோ, சிவப்பு ஒளிர்ந்தால் ஜெய்ப்பூர் என்பது சேகரிப்போரின் கணக்கு. பெரும்பாலும் பொருந்தும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அடியிலுள்ள உலோகம். நிறத்தைத் தீர்மானிப்பதே அதுதான்.

வேலைமுறை இரண்டிலும் ஒன்றே. உலோகத்தைக் குடைந்த பள்ளத்தில் அரைத்த கண்ணாடித் தூளை ஈரமாக நிரப்பி உலையில் சுடுவார்கள். அதிக வெப்பம் தாங்கும் நிறம் முதலில், எளிதில் உருகும் சிவப்பு கடைசியில். முறை மாறினால் சிவப்பு கெட்டுவிடும்.

ஜெய்ப்பூரின் உயர்ந்த வேலை தங்கத்தில். ஒளி ஊடுருவும் சிவப்பு தங்கத்தின் மேல்தான் மாதுளை முத்தாகத் தெரியும். வெள்ளியில் நேரடியாகச் சுட்டால் பழுப்படிக்கும். அதனால்தான் வெள்ளியில் வேலைசெய்த லக்னோ கைவினைஞர்கள் நீலம், பச்சையைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளத்தின் அடியில் நுண்கோடுகள் கீறியிருந்தால் வெள்ளி கண்ணாடிக்குள்ளிருந்து மினுங்கும். இந்த அழகில் லக்னோவுக்கே என் ஓட்டு.

வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகும். சுடும் வெப்பமோ 800-ஐ ஒட்டியது. இடைவெளி குறைவு, தவறினால் பிடியே போய்விடும். தங்கத்துக்கு 1064 வரை இடமுண்டு.

போலியில் கண்ணாடிக்குப் பதில் நிறமேற்றிய பிசின் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கண்ணருகே பிடிக்கும் சிறு உருப்பெருக்கி) பாருங்கள்: பிசினில் மெல்லிய கீறல்கள் மண்டும், உண்மையான மீனா உடைந்த இடம் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாக இருக்கும்.

வாளின் அலகிலுள்ள குறிகளிலும் இதே கவனம் வேண்டும். தங்கத்தில் பதித்த 'அசதுல்லா இஸ்ஃபஹானி' என்ற புகழ்பெற்ற பாரசீக வாள்கொல்லரின் பெயரை நம்பி விலை கொடுக்காதீர்கள். புகழுக்காகப் பிற்காலத்தவர் ஏராளமாகப் பொறித்த பெயர் அது. புள்ளி புள்ளியாகக் குத்திய தேவநாகரி எழுத்துக்கு மதிப்பு அதிகம். 1689-இல் தக்காணத்தின் அதோனிக் கோட்டை வீழ்ந்தபின் பீகானேர் மன்னர் அனூப் சிங் தன் ஊருக்குக் கொண்டுசென்ற தென்னக ஆயுதங்கள் பலவற்றில் இப்படிக் காணலாம். அது ஆயுதக் கிடங்கின் குறி. செய்த ஊரைச் சொல்லாது.

மீனா பிடியைப் புளி, எலுமிச்சை போட்டுத் துலக்கவே கூடாது. அமிலம் கண்ணாடியின் பளபளப்பை அரித்துவிடும். ஆடும் பிடியைக் கழற்ற நெருப்பில் காட்டுவதும் ஆபத்து. அலகைப் பிடித்துவைக்க உள்ளே இருக்கும் அரக்கை இளக்கப்போய், மீனா வெடித்துச் சிதறிவிடலாம்.