ஹட்டனில் ஓர் இலத்தீன் வகுப்பு: பெயரடைகளைக் கற்பிக்கும் முறை

ஹட்டன் நகரில் சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் தொடக்கநிலை இலத்தீன் வகுப்பில், பெயரடைகள் பற்றிய பகுதியை அண்மையில் முடித்தேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவர்களும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சிலரும் அங்கு வருகிறார்கள்.

எட்டு வேற்றுமைகளைப் பாடசாலையிலேயே படித்துவிட்ட நமக்கு இலத்தீனின் ஆறு வேற்றுமைகள் அச்சம் தருவதில்லை. சிக்கல் பெயரடையில்தான் தொடங்குகிறது. 'நல்ல மகன்', 'நல்ல மகள்', 'நல்ல மரங்களுக்கு' என எங்கும் 'நல்ல' மாறாமல் நிற்கும். இலத்தீனிலோ பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்பத் திரிய வேண்டும். ஆசிரியர் 'நல்லவன், நல்லவள், நல்லது' என்பவற்றைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் அருகே 'பொனுஸ், பொனா, பொனும்' என்று ஆண்பால், பெண்பால், பொதுப்பால் (இரண்டும் அல்லாத பால்) வடிவங்களை நிறுத்தியபோது, புதிய இலக்கணம் பழகிய மண்ணில் ஊன்றிக்கொண்டது.

அதைவிடச் சிறந்தது, மலையகத் தாவரங்களின் அறிவியற் பெயர்களை அவர் எடுத்தாளும் விதம். மாட்டுக்கு அறுத்துப் போடும் கினிப்புல்லை முன்பு 'பானிக்கும் மாக்ஸிமும்' என்றார்கள். பின்னர் அதை வேறு பேரினங்களுக்கு மாற்றியபோது 'உரோக்லோவா மாக்ஸிமா' என்றும் 'மெகாதிர்சுஸ் மாக்ஸிமுஸ்' என்றும் பெயரிட்டார்கள். புல் அதே புல்தான். பேரினப் பெயரின் பால் மாறியதும் 'மிகப் பெரிய' என்னும் பெயரடையும் உடன் மாறியது. இதைப் புரிந்துகொண்ட மாணவர் இயைபு விதியை மறக்கமாட்டார். பெயரடை இயைவது பெயரின் பாலோடுதான், ஒலியோடு அல்ல என்பதையும் ஆசிரியர் அழுத்திச் சொல்கிறார்: நம் மலைகளில் நட்டிருக்கும் பைன் மரத்தின் பெயர் 'பீனுஸ் கரிபேயா'. 'உஸ்' என முடிந்தாலும் இலத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால் என்பதால் பெயரடை 'ஆ'வில் முடிகிறது. மறுபுறம், மாலுமியைக் குறிக்கும் 'நௌட்டா' ஆண்பாலாதலால் 'நௌட்டா பொனுஸ்' என்றே வரும்.

தேயிலையின் 'கமேலியா சினென்சிஸ்' மூன்றாம் திரிபுக்கு, அதாவது சொற்கள் வேற்றுமை ஏற்று மாறும் வகைகளுள் மூன்றாவதற்கு, வாயிலாகிறது. இவ்வகையில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம். பொதுப்பாலுக்கு மட்டும் 'சினென்சே'.

குறை இங்கேதான் உள்ளது. தாவரப் பெயர்கள் பெரும்பாலும் எழுவாய் வேற்றுமையிலேயே நிற்பதால், மற்ற வேற்றுமைகளுக்குப் பயிற்சி போதவில்லை. 'வலிமை மிக்க அரசன்' என்பது நீங்கல் வேற்றுமையில் 'ஃபோர்ட்டீ ரேகெ' என்றாகி, ஒரே வேற்றுமையில் பெயரடை 'ஈ'யும் பெயர் 'எ'யும் பெறும் இடம் தனியாக ஒரு மாலையைக் கோருவது. அது அச்சிட்ட அட்டவணை ஒன்றோடு விரைந்து கடந்துபோனது. முழு வாக்கியப் பயிற்சிகளைச் சேர்த்தால் இவ்வகுப்பை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இப்போதைக்குத் தாவரவியல் படிப்பவர்கள் உடனே சேரலாம், இலத்தீன் நூல்களை வாசிக்க விரும்புகிறவர்கள் மூன்றாம் திரிபுப் பெயர்ச்சொற்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வருவது நல்லது.