ஒழுகும் மொட்டை மாடிக்குத் தட்டோடா, கோட்டிங்கா, ஷீட்டா?

எங்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு கறை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ரூபாய் அளவுதான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் தோசைக்கல் அளவு. போன ஐப்பசியில் பட்டி உப்பி, பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து, ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணை மேலேயே சொட்டியது. வீடு 1994-இல் கட்டியது, சென்னைப் புறநகர், தனி வீடு, மாடி 800 சதுர அடி.

நாலு பேரிடம் கேட்டோம், நாலு வழி சொன்னார்கள். மேஸ்திரி தட்டோடு (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம், அதன் மேல் தட்டையான ஓடு) என்றார். பெயின்ட் கடைக்காரர் கோட்டிங் (தண்ணீர் இறங்காத அக்ரிலிக் பூச்சு) என்றார். மைத்துனர், "பேசாம மாடி மேல கம்பம் நட்டு ஷீட் கூரை போட்டுடுங்க மாமா" என்றார். அலுவலகத்தில் ஒருவர், "இன்ஷூரன்ஸ் இருக்கில்ல, கிளெய்ம் பண்ணுங்க சார்" என்றார். செலவில்லாத வழி என்பதால் கடைசியாகச் சொன்னதில்தான் முதலில் இறங்கினேன்.

வீட்டுக் கடன் வாங்கியபோதே பாலிசி ஒன்றும் சேர்ந்து வந்திருந்தது. கடன் ஃபைலைப் புரட்டும்வரை அது இருப்பதே மறந்துபோயிருந்தது. உங்களுக்கும் இருக்கலாம், ஒரு தடவை தேடிப் பாருங்கள். கிளெய்ம் கொடுத்ததும், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். செல்போனில் நாலைந்து படம் எடுத்தார். அப்புறம் ரொம்ப சாதாரணமாக, "இது எத்தனை நாளா இருக்கு சார்?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன்: "மூணு வருஷமா." அவர் எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது.

கோபம் வந்தது. ஆனால் பாலிசியைப் படித்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தரவேண்டும் என்று விதி வந்தது. தீ, புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ திடீரென்று உடைந்து வழிவது எல்லாம் அதில் உண்டு. வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும் ஓதம் கிடையாது. அது தேய்மானம், பராமரிப்பு நம் பொறுப்பு. ஆக, ஒழுகலுக்கு இன்ஷூரன்ஸ் ஒரு வழியே இல்லை. அதற்காகப் பாலிசியே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் காருக்குப் பணம் வாங்கிய எத்தனையோ வீடுகளில் வீட்டுக்குப் பாலிசி இல்லை. எடுக்கும்போது, மனை விலையைச் சேர்க்காமல், வீட்டைத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அந்தத் தொகைக்கு எடுக்க வேண்டும்.

நியாயமான கிளெய்மை மறுத்தாலும் குறைத்தாலும் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். நான் போகவில்லை. என் வாயாலேயே மூணு வருஷம் என்று சொன்ன பிறகு எதற்கு?

சரி, கைக்காசுதான் என்றானபின் மூன்று வழி மிச்சம். எங்களுக்குச் சொன்ன விலை, சதுர அடிக்கு: கோட்டிங் 45 ரூபாய், பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகத் தட்டோடு 160, ஷீட் 280. உங்கள் ஊரில் இது மாறும். ஆனால் எது மலிவு, எது கூடுதல் என்ற வரிசை பெரிதாக மாறாது.

கோட்டிங்கின் பெரிய வசதி வேகம். இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும், வெள்ளை நிறம் என்பதால் வெயில் காலத்தில் கீழ் அறையின் சூடும் கொஞ்சம் தணியும். விரிசலில் ஃபைபர் மெஷ் (வலைத் துணி) ஒட்டி, கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றிப் பூசினால் மூன்று நாலு வருஷம் தாங்கும். இரண்டு விஷயம் அதற்கு ஆகாது. ஒன்று, ஈரத் தளம். அடியில் சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி, பூச்சை அப்பளம் மாதிரி உப்ப வைத்துவிடும். இரண்டு, வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரியில்லாத மாடி. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் அக்ரிலிக் பூச்சு ஊறி உரிந்துவிடும். சித்திரை, வைகாசியில் அடிக்க வேண்டியதை எல்லாரும் ஐப்பசியில் ஒழுகிய பிறகு கூப்பிட்டு அடிக்கிறோம். அப்புறம் பூச்சைத் திட்டுகிறோம்.

என் மனசு தட்டோடு பக்கம்தான் சாய்கிறது. செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். இதைச் சுர்க்கி என்றும் சொல்வார்கள். இன்றைக்கு அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு பலர் போடுவது அது இல்லை. ஜல்லியைச் சிமென்டில் குழைத்து ஒரே நாளில் பரப்பிவிட்டுப் போகிறார்கள். சுண்ணாம்பு வெயிலுக்கும் குளிருக்கும் சற்று வளைந்துகொடுக்கும். சிமென்ட் விறைப்பு, வெடித்துவிடும். அதனால் பேச்சு முடிக்கும்போதே எந்தக் கலவை, எத்தனை நாள் தட்டுவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாட்டத்தையே புதிதாக அமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்த வழியின் உண்மையான பலம். மற்ற இரண்டிலும் அது முடியாது. நன்றாகப் போட்டால் 20, 25 வருஷம் கவலையில்லை.

எடையை மட்டும் மறக்கக் கூடாது. மூன்று அங்குலக் கனத்தில் 800 சதுர அடிக்குச் சுமார் 10 டன் வரும். "பழசு மேலேயே போட்டுடலாம் சார், உடைக்கிற கூலி மிச்சம்" என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஈரம் குடித்த கூரை மேல் இன்னொரு 10 டன்னா?

ஷீட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை அதிகம், சாரல் பக்கவாட்டில் அடிக்கும், 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை மாடி ஷீட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனது என்று சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதைவிட மோசம், கம்பத்தை நிறுத்தத் தளத்தைத் துளைத்து போல்ட் அடிப்பது. ஒழுகலை நிறுத்தப் போய்ப் புதிதாகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுகிறோம். வடாம் காயப்போட இடம் போச்சே என்று அம்மா சொன்னது தனி. கூரையின் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து, மேலே எடையே ஏற்றக்கூடாத வீடு என்றால் ஷீட்டை யோசிக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்கு முதலில் வரவேண்டியவர் ஷீட்காரர் இல்லை, இன்ஜினியர்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதில் எதற்கும் காசு எடுப்பதற்கு முன் சாவி வாங்கிய தேதியைப் பாருங்கள். பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 14-வது பிரிவின்படி, ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்து புகார் கொடுத்தால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். சங்கத்தில் சண்டை போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்யும் முன், மேஸ்திரியின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், மாடியில் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். களிமண்ணால் வரப்புப் போட்டு, கறைக்கு நேர் மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்தோம். மறுநாள் காலை குறி அப்படியே இருந்தது, கீழே ஒரு சொட்டு இல்லை. அடுத்த நாள், எட்டு அடி தள்ளி, மழைநீர்க் குழாய் வாய் இருக்கும் மூலையில் கட்டினோம். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கூரைக் கறை கருத்தது. குழாயைச் சுற்றியிருந்த சிமென்ட் சுருங்கி, விரல் நுனி நுழையும் இடைவெளி. தண்ணீர் அங்கே இறங்கி, தட்டோட்டுக்கு அடியிலேயே எட்டு அடி நடந்து வந்து படுக்கையறையில் சொட்டியிருக்கிறது. அடைக்க ஒரு ஆள், அரை நாள், பொருளோடு 1,400 ரூபாய்.

மாடியின் வடக்குப் பக்கம் வாட்டம் போய்விட்டது, தட்டோடும் பல இடத்தில் வெடித்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதனால் கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கு மட்டும் கோட்டிங் அடித்து இந்த மழையைத் தாண்டிவிட்டு, தட்டோட்டைப் பங்குனிக்கு வைத்திருக்கிறோம். ஜல்லிக்குச் சொல்லியாச்சு என்கிறார் மேஸ்திரி. போன வருஷமும் அப்படித்தான் சொன்னார்.