புரோஜெஸ்டிரான்: எண்ணெய் ஊசியா, உள்வைக்கும் மாத்திரையா?

சோதனைக்குழாய் முறையில் (IVF) கருப்பையில் கரு வைப்பதற்கு முன்பே தொடங்கும் ஹார்மோன் மருந்து இது. எண்ணெயில் கரைத்த ஊசியாகவும், பெண்ணுறுப்பினுள் வைக்கும் மாத்திரையாகவும் வரும். வலிப்பது ஊசிதான். எண்ணெய் கெட்டி என்பதால் மெல்லத்தான் இறங்கும். அவசரப்பட்டுத் தள்ளினால் கட்டி தட்டும். குப்பியை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள். பிட்டத்தின் மேல்வெளிப் பக்கம், நாளுக்கொரு புறம். உடல் எடை மறுகாலில். பிறகு வெந்நீர் ஒத்தடம், கொஞ்சம் நடை. ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் சீழாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். எள், வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரையில் ஊசி வலி இல்லை. கசிவும் அரிப்பும் உண்டு. மெழுகு வகை கோடையில் கைப்பையிலேயே உருகும் (வேலூரை வெயிலூர் என்பது சும்மாவா!). ஆனாலும் குடியாத்தத்திலிருந்து தினம் ஊசிக்கு அலைவதைவிட மேல். ஹார்மோன் மாத்திரையால் தயாரித்த கருப்பையில் உறைகரு (உறையவைத்துச் சேமித்த கரு) வைக்கும்போது மட்டும் இந்த உள்வைக்கும் மாத்திரை தனியாகப் போதாமல் போகலாம், ஊசியும் சேர்ப்பார்கள். வலிக்கிறதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் மாற்றக் கேளுங்கள்.