காற்றடைக்கும் கயாக்கா, கெட்டிப் பிளாஸ்டிக் கயாக்கா?

திருகோணமலை உள்துறைமுகத்தின் அமைதியான நீரில் தூண்டில் போட விரும்புபவருக்குக் காற்றடைக்கும் கயாக்கையே (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) நான் பரிந்துரைப்பேன். காற்றை இறக்கி மடித்தால் அது முச்சக்கர வண்டியிலேயே அடங்கிவிடும். பாலிஎதிலீன் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன கயாக்கோ பெரும்பாலும் 3 மீற்றருக்கு மேல் நீண்டு, 25 கிலோ அளவுக்குக் கனப்பதால், வாகனக் கூரையும் இன்னொருவரின் கையும் வேண்டும். ஆனால் திறந்த கடலை நோக்கிய நிலாவெளிப் பக்கம் காற்று எழுந்தால், இலேசான காற்றுப் படகு பக்கவாட்டில் தள்ளப்படும்; கெட்டிப் படகு திசையை எளிதில் இழக்காது.

காற்றுப் படகில் ஓட்டை விழுமே என்று பார்த்தால், தூண்டில் முள்ளைவிட, மீனின் முதுகு முள்ளும் சிப்பி ஒட்டிய பாறையுமே எனக்கு அதிக அச்சம் தருபவை. ஆகவே தனித்தனிக் காற்றறைகளும், உள்ளே நூலிழைகளால் பிணைக்கப்பட்டு உயர் அழுத்தத்தைத் தாங்கும் தளமும் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெயிலில் காற்று விரியுமாதலால், கரையில் விடும்போது சற்றுக் காற்றை இறக்கிவிடுவது அவசியம்.