ஸ்லைடின் அடியில் ஒரு வரி: ஆபீஸ் ஏஐ டூலோடு என் அனுபவம்

கோயம்புத்தூரில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு ஸ்பின்னிங் மில்களுக்கும் பம்ப் கம்பெனிகளுக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கும் நண்பன் கேட்டான்: "உங்க ஆபீஸ்ல ஏதோ ஏஐ டூல் வெச்சிருக்கீங்களாமே, நாங்களும் ஒண்ணு எடுக்கலாமாடா?" வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வேலை ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தின் சென்னை ரிசர்ச் டீமில். லண்டனிலோ துபாயிலோ இருக்கும் டீம் கேட்டதை, அவர்கள் தூங்கி எழுவதற்குள் தேடிக் கொடுப்பதுதான் இத்தனை வருஷமாகச் செய்துவந்தது. இப்போது நிறுவனமே சொந்தமாக ஒரு டூல் வைத்திருக்கிறது. கேள்வி கேட்டால், கிளையன்ட்டுகளுக்குப் போட்ட பழைய ஸ்லைடு தொகுப்புகளை (எங்கள் பேச்சில் டெக்குகள்) தேடிச் சுருக்கிச் சொல்லும், ஸ்லைடும் போட்டுக் கொடுக்கும். இதில் புதுமை ஒன்றும் இல்லை, இந்தத் துறையில் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. மெக்கின்சி 2023-இல் லில்லி என்று ஒன்றைக் கொண்டுவந்தது (1945-இல் அங்கே சேர்ந்த லில்லியன் டோம்ப்ரோவ்ஸ்கி என்ற பெண்மணியின் நினைவாக வைத்த பெயர்). பெய்ன் அதே வருஷம் பிப்ரவரியிலேயே, சாட்ஜிபிடியைச் செய்யும் ஓப்பன்ஏஐயோடு கூட்டு வைத்துக்கொண்டது. பிடபிள்யூசி 2024-இல் சாட்ஜிபிடி எண்டர்பிரைஸைத் தன் ஆட்களுக்கு வாங்கியதோடு, அதை மற்ற கம்பெனிகளுக்கு விற்கவும் ஆரம்பித்தது. எங்களுடையது இவற்றில் எதுவும் இல்லை, பெயரும் வேண்டாம்.

எடுத்த எடுப்பில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். கன்சல்டிங் ஸ்லைடின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், "சோர்ஸ்" என்று ஆரம்பிக்கும். கிளையன்ட் பக்கம் பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதே இல்லை. ஆனால் படிக்கிற ஆள் ஒருவர் எல்லா மீட்டிங்கிலும் இருப்பார், அநேகமாக ஃபைனான்ஸ் டைரக்டர். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "இந்த நம்பர் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டால் பார்ட்னர் என்கேஜ்மென்ட் மேனேஜரைப் பார்ப்பார், அவர் அசோசியேட்டைப் பார்ப்பார், கடைசியில் சென்னைக்கு மெயில் வரும். எங்கள் டூல் ஸ்லைடை நன்றாகவே போடுகிறது. தலைப்பு முழு வாக்கியமாக, சொல்ல வந்ததைச் சொல்கிறது. சார்ட் ஒழுங்காக உட்கார்கிறது, கலரெல்லாம் டெம்ப்ளேட்படி. அந்த ஒரு வரியில் மட்டும் வாய்க்கு வந்ததை எழுதி வைக்கிறது.

ஒரு சிமெண்ட் ப்ராஜெக்ட். போட்டிக் கம்பெனியின் எரிபொருள் செலவு என்று ஒரு ஸ்லைடு, ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்ற கணக்கு. அடியில் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கை, பக்கம் 47 என்று போட்டிருந்தது. பக்கம் 47-ஐத் திறந்தால் ஊழியர்கள் வரிசையாக நின்று மரக்கன்று நடுகிறார்கள். சரி, நம்பரே கற்பனை என்று நினைத்தால் அதுவும் இல்லை, அதே அறிக்கையில் வேறொரு அட்டவணையில் அது இருக்கிறது, ஆனால் அது ஒரு கிலோ கிளிங்கருக்கான கணக்கு (சூளையில் சுட்டெடுக்கிற கட்டிதான் கிளிங்கர், அதை அரைத்து மற்றதைக் கலந்தால்தான் சிமெண்ட்). ஸ்லைடில் ஒரு கிலோ சிமெண்டுக்கு என்று ஏறியிருக்கிறது. போர்ட்லாண்ட் பொசோலானா (பிபிசி) வகை சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலக்கலாம் என்பது தெரிந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உடனே புரியும். தெரியாதவன் அப்படியே அனுப்பிவிடுவான். முழுக்கத் தப்பாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நாமே செய்யலாம். முக்கால்வாசி சரியாக இருக்கிறதே, அதைப் பிரித்தெடுப்பதற்குள் ஒரு மத்தியானமே போய்விடுகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆதாரம் ஒன்றும் கிடைக்காவிட்டால் "டீம் அனாலிசிஸ்" என்று எழுதிவிடும். எந்த டீம், யார் செய்த அனாலிசிஸ்? கேட்டால் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு ஆண்டறிக்கையின் பெயரைச் சொல்கிறது. இது எங்கே போய்க் கற்றுக்கொண்டது என்று கடுப்பில் பழைய டெக்குகளைப் புரட்டினால், நம் ஆட்கள்தான் வருஷக்கணக்காக, விடியற்காலை இரண்டு மணிக்கு முடித்துவிட்டுப் படுக்கப் போகிற அவசரத்தில், சோர்ஸ் கிடைக்காத இடத்திலெல்லாம் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து வளர்ந்த பிள்ளை வேறெப்படி எழுதும்? திட்டவும் வாய் வரவில்லை. அடுத்த ஸ்லைடிலும் அதே "டீம் அனாலிசிஸ்" வந்தது.

இது ஏதோ என் சொந்தப் புலம்பல் என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவில் டெலாய்ட் என்ற பெரிய கன்சல்டிங் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அங்கே வேலைவாய்ப்புத் துறைக்கு 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். 2025-இல் அது வெளிவந்ததும், சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டஃபர் ரட்ஜ் அடிக்குறிப்புகளைப் படித்துப் பார்த்திருக்கிறார். இல்லாத ஆய்வுகள், ஒரு ஃபெடரல் கோர்ட் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு பொய் மேற்கோள். அக்டோபரில் திருத்திய பதிப்பு வந்தது, அறிக்கைக்கு அஸூர் ஓப்பன்ஏஐ என்ற ஏஐ சேவையைப் பயன்படுத்தியதாக அதில்தான் சொன்னார்கள், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பியும் கொடுத்தார்கள். பரிந்துரைகளில் மாற்றம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அடிக்குறிப்புகளை எடுத்துவிட்டாலும் பரிந்துரை அப்படியே நிற்கிறது என்றால், முதலில் அவற்றை எதற்குப் போட்டீர்கள்?

நியாயமாகவும் பேச வேண்டும். இந்த டூல் இல்லாத காலத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னால் போக மாட்டேன். சிமெண்ட் ப்ராஜெக்ட்டிலேயே, சூளையில் நிலக்கரிக்குப் பதில் குப்பையையும் பழைய டயரையும் எரித்தால் என்ன சிக்கல் வரும் என்று கேட்டேன். எப்போதோ துருக்கி டீம் ஒன்று செய்த, கிளையன்ட் பெயரை நீக்கி வைத்த டெக்கைக் கொண்டுவந்து நிறுத்தியது. குளோரின் சேர்ந்து சூளையின் ப்ரீஹீட்டரில் (மூலப்பொருளை முன்கூட்டியே சூடாக்கும் பகுதி) அடைப்பு வருவதைப் பற்றி அதில் ஒரு பக்கம், யாரோ மெனக்கெட்டு எழுதியது, எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார். முன்பெல்லாம் இது கிடைக்க வேண்டுமானால் யாரைக் கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவர் மெயிலுக்குப் பதில் போடுகிற ஆளாகவும் இருக்க வேண்டும். அப்புறம் நேர்காணல் குறிப்புகள். ஒரு கட்டு குறிப்புகளைக் கொடுத்து "சேல்ஸ் ஹெட் சொன்னதற்கு எதிராகப் பேசியவர்கள் யார் யார்?" என்று கேட்டால் ஆளையும் வரியையும் காட்டுகிறது. இதற்கு நான் ராத்திரி முழுக்க மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருந்த காலம் உண்டு.

2023-இல் ஹார்வர்டு ஆட்களும் பிசிஜி (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்) நிறுவனமும் சேர்ந்து 758 கன்சல்டன்ட்டுகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஜிபிடி-4 என்ற ஏஐ மாடல் கையில் இருந்தவர்கள் 12 சதவீதம் அதிக வேலைகளை 25 சதவீதம் வேகமாக முடித்தார்கள், தரமும் கூடியது. ஆனால் வேண்டுமென்றே ஒரு வேலையைக் கடினமாக வைத்திருந்தார்கள். எக்செல் ஒன்றைச் சொல்லும், நேர்காணல் குறிப்புகளுக்குள் வேறொன்று ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விடை. அதில் ஏஐ வைத்திருந்தவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளி குறைந்தது. எங்களுக்கு வருகிற வேலையில் காசு கிடைப்பது அந்த இரண்டாம் வகைக்குத்தான்.

இப்போது லண்டனிலிருந்து "தேடிக் கொடுங்கள்" என்று மெயில் வருவது அருகிவிட்டது. டூல் போட்ட டெக்கை அனுப்பி "ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்" என்கிறார்கள். முப்பது ஸ்லைடு, முப்பது சோர்ஸ் வரி, ஒரு பார்வை! தேடுவதற்கு இரண்டு நாள் தந்தவர்கள் சரிபார்க்க இரண்டு மணி நேரம் தருகிறார்கள், ஏஐ செய்ததுதானே என்று. கிளையன்ட்டும் சும்மா இல்லை, அதே ஏஐயைக் காட்டி ஃபீஸைக் குறைக்கச் சொல்கிறார். டீமில் புதுப் பசங்களை எடுப்பதும் குறைந்திருக்கிறது. கிளிங்கருக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் நான் தெரிந்துகொண்டதே ஜூனியராக அந்த அட்டவணைகளைக் கையால் டைப் செய்த காலத்தில்தான், இனி சேருகிறவனுக்கு அந்த வேலையே இல்லை.

சரி, நண்பனுக்கு வருகிறேன். என்னிடமிருந்து இந்த டூலைப் பிடுங்கினால் சண்டைக்குப் போவேன், உனக்கு வேண்டாம்டா. இதில் எனக்குப் பிடித்ததெல்லாம் உள்ளே கிடக்கிற பழைய டெக்குகளால் வந்தது. நீ மாதச் சந்தா கட்டி வாங்கினால் மாடல் வரும், துருக்கி டெக் வராது. பக்கம் 47 மட்டும் தவறாமல் வரும். உன் பழைய ரிப்போர்ட்டெல்லாம் எங்கே இருக்கிறது? பாதி உன் லேப்டாப்பில், மீதி போன வருஷம் வேலையை விட்டுப் போன பையனின் ஜிமெயிலில். முதலில் அவனுக்கு ஒரு ஃபோன் போடு.