கோரா, ஆர்.சி.யா? பாலைவனத்தில் செம்பும் மாலிப்டினமும் தேடும்போது

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போர் போடுவதைப் பார்த்தவர்களுக்கு ஆர்.சி. (ரிவர்ஸ் சர்க்குலேஷன்) டிரில்லிங் பாதி தெரிந்த சங்கதி. அதே கம்ப்ரஸர், அதே ஹேமர். நம்ம ஊர் வண்டியில் தூள் ராடுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே ஏறும். வழியில் சுவர் மண்ணையும் சேர்த்து அள்ளிவரும். தண்ணீர் பார்க்க அது போதும், சாம்பிளுக்கு ஆகாது. ஆர்.சி. ராடுக்கு இரட்டைச் சுவர். தூள் உள்குழாய் வழியே வருவதால் எந்த மீட்டர் எது என்று சொல்லலாம். கோர் டிரில்லிங்கில் வைர பிட் பாறையைத் தூளாக்காமல் உருளையாகவே அறுத்துத் தரும்; அந்த உருளைதான் கோர்.

நெல்லைச் சீமையில் போர்ஃபிரி செம்பு (பாறை முழுக்கச் சிறு நாளங்களாகப் பரவிய செம்புத் தாது; மாலிப்டினம் என்ற உலோகமும் கூடவே வரும்) தேட வேண்டியதில்லை. அது சில கிலோமீட்டர் ஆழத்தில் உருவாவது; இங்கே வெளியே தெரியும் சார்னோகைட் அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் கிடந்த பாறை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டது. இங்கே நிலவியல் படித்து அட்டகாமா, கோபி மாதிரி பாலைவனங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி.

ஆர்.சி. வேகம், மலிவு, தண்ணீர் கேட்காது. இதில் தகராறில்லை. ஆனாலும் என் ஓட்டு கோருக்கே. காரணம் மாலிப்டினம்.

140 மி.மீ. துளையில் ஒரு மீட்டருக்குச் சுமார் 40 கிலோ தூள் வரும். பாறையில் 0.02 சதம் மாலிப்டினம் என்றால், அந்த 40 கிலோவில் இருப்பது 8 கிராம். மாலிப்டினத்தின் தாதுவான மாலிப்டினைட் நகத்தால் கீறலாம் போன்ற மென்மை. ஹேமர் அடியில் பொடியாகி, காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோன் வாயில் புகையோடு போய்விடும். தூளைப் பங்கு பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் எட்டில் ஒரு பங்கு எடுத்து லேபுக்கு அனுப்பும்போது, போனது போனதுதான். நீர்மட்டத்துக்குக் கீழே நிலைமை இன்னும் மோசம். தூள் சேறாகி ஸ்ப்ளிட்டரில் ஒட்டும், முந்தைய மீட்டரின் சரக்கு அடுத்த பைக்குள் விழும். கரியாக உதிரும் சால்கோசைட் என்ற செம்புத் தாதுவுக்கும் இதே கதி. காற்றழுத்தம் கூட்டும் பூஸ்டர் வைத்துத் துளையை உலர வைக்கலாம். அது முடியாதபோது ஆர்.சி.யை அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று, மாலிப்டினைட் பெரும்பாலும் நேரான குவார்ட்ஸ் நாளங்களின் ஓரத்திலோ நடுக்கோட்டிலோ இருக்கும். வெளிறிய செரிசைட் (நுண் மைக்கா) விளிம்போடு வரும் பைரைட் (இரும்பு சல்ஃபைடு) நாளம் அதை வெட்டிப்போகிறதா, அதாவது பின்னால் வந்ததா என்பதைக் கோர் பெட்டியில் கண்ணால் பார்க்கலாம். தூளில் இரண்டும் ஒரே சல்லடைக்குள்.

தாதுவுக்கு மேலே கிடக்கும் கரைந்துபோன பாறை மூடியில் மட்டும் ஆர்.சி.க்கு வழிவிடலாம். அங்கே அமிலம் செம்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டிருக்கும். மாலிப்டினம் இரும்பு ஆக்ஸைடோடு ஒட்டி மேலேயே நிற்கும். உலர்ந்த தூளே அதைக் காட்டிக்கொடுக்கும். அதன்பின் துளைச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய் இறக்கி, அதே துளையில் ஹெச்.க்யூ. அளவு கோர். தண்ணீரை வெகுதூரம் டேங்கரில் கொண்டுவர வேண்டிய இடத்தில் இந்தக் கணக்கு மாறலாம். செலவைப் போட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.

கோரும் முழுப் பத்திரமில்லை. உடைந்த பாறையில் டிரில் தண்ணீர் விரிசல் முகத்து மாலிப்டினைட்டைக் கழுவும். அங்கே கோரைத் தாங்க இன்னொரு உள்குழாய் கொண்ட டிரிபிள் டியூப் போடுங்கள், ஒவ்வொரு ரன்னுக்கும் (ஒருமுறை இறக்கி எடுப்பதற்கு) வந்த கோர் நீளத்தை அளந்து எழுதுங்கள். லேபுக்காகக் கோரை அறுக்கும்போது நொறுங்கும் துண்டை டேப் சுற்றி அறுங்கள். ரம்பத்துக்குப் புதுத் தண்ணீர் மட்டும். சுற்றிவந்த கலங்கல் நீர் வளமான துண்டின் பொடியை வெற்றுத் துண்டில் பூசிவிடும்.